மார்க் குறைஞ்சுது... ரேங்க் ஏறிடுச்சு!

"அண்ணே... ரிசல்ட் வந்துடுச்சு" என்று தஞ்சாவூரிலிருந்து தங்கை போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டதும் சொந்தத்தில் யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். 2025 ஜூன் 14, சனிக்கிழமை. நீட் தேர்வு முடிவு வந்த நாள்.

"எவ்வளவும்மா?"

"486."

"நல்ல மார்க்தானே?"

"என்னண்ணே நீ! போன வருஷம் 541 வாங்கினா. பத்தாதுன்னு ஒரு வருஷம் ஹாஸ்டல்ல போட்டு, ஒண்ணேமுக்கால் லட்சம் கட்டிப் படிக்க வச்சோம். 55 மார்க்கைக் கொறச்சுக்கிட்டு வந்து நிக்கிறா!"

பின்னணியில் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஆணி, போல்ட் எல்லாவற்றையும் மனக்கணக்கிலேயே எடை போடுகிறவர்.

"மார்க் ஒண்ணுக்கு மூவாயிரத்து நூத்தி எண்பது ரூபா வருது. கொறைக்கிறதுக்கு!"

அன்று சாயங்காலமே திருச்சியில் பஸ் ஏறினேன். 'உன்னை எதற்கய்யா கூப்பிட்டார்கள்?' என்று நீங்கள் கேட்பது நியாயம். எங்கள் குடும்பத்தில் மெடிக்கல் சீட் கிடைக்காமல் போவதில் நான்தான் சீனியர். 1991-ல் பிளஸ் டூ முடித்தேன். அப்போது பிளஸ் டூ மார்க்கும் நுழைவுத் தேர்வு மார்க்கும் சேர்ந்துதான் கட்-ஆஃப். ஒன்றேகால் மார்க்கில் போச்சு. விடுவேனா? இம்ப்ரூவ்மென்ட்! அதாவது பிளஸ் டூ பரீட்சையையே மறுபடி எழுதி மார்க்கை ஏற்றிக்கொள்வது. ஒரு வருஷம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து படித்து, மூன்று மார்க் ஏற்றினேன். அப்பா லட்டு வாங்கி வந்தார். அப்புறம்தான் தெரிந்தது, ஊரில் மற்றவர்களும் ஏற்றியிருக்கிறார்கள் என்று. அரை மார்க்கில் போச்சு. டாக்டராகியிருந்தால் நோயாளிகளுக்கு ஆபத்து. இப்போது எழுத்தாளனானதால் உங்களுக்கு மட்டும்தான்.

தஞ்சாவூர் வீட்டுக்குள் நுழைந்தால் மயான அமைதி. அந்த வீட்டில் ரெண்டு வருஷமாக டிவி ஓடியதில்லை. பொண்ணு படிக்கிறாளாம். மாப்பிள்ளை கிரிக்கெட்டைப் பாத்ரூமில் வைத்து செல்போனில்தான் பார்ப்பார். உள்ளேயிருந்து 'அவுட்டு!' என்று சத்தம் வரும். தண்ணீர் சத்தம் வராது. பொண்ணு ஹாஸ்டலுக்குப் போன பிறகும் ஏன் டிவியைப் போடவில்லை என்று கேட்டேன். "பழகிடுச்சுண்ணே" என்றாள் தங்கை.

அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். மத்தியானம் சாப்பிடவில்லையாம். கதவைத் தட்டினேன்.

"மாமா... நான் தோத்துட்டேன்ல?"

"அதை அப்புறம் பேசலாம். ரெண்டு வருஷத்து ஸ்கோர் கார்டையும் எடுத்துட்டு வா. அப்படியே அந்த மிக்சர் டப்பாவையும்."

காகிதங்கள் வந்தன. ஆச்சரியம் என்ன தெரியுமா? அந்த வீட்டில் நான்கு பேர் காலையிலிருந்து அந்தக் காகிதத்தைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். மார்க்குக்குக் கீழே இருந்த இன்னொரு வரியை ஒருத்தரும் படிக்கவில்லை. அகில இந்திய ரேங்க்!

2024-ல் 541 மார்க், ரேங்க் ஒன்றரை லட்சத்தைத் தாண்டி. 2025-ல் 486 மார்க், ரேங்க் அறுபதாயிரத்தை ஒட்டி.

"மாப்பிள்ளை, இங்க வாங்க. இந்தக் கணக்கைப் போடுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு தரம். ரெண்டு தரம். "தொண்ணூறாயிரம் பேரை முந்தியிருக்காளா?" என்றார். உள்ளே மிக்சர் சாப்பிடும் சத்தம் நின்றது.

இது ஏதோ எங்கள் வீட்டு அதிசயம் இல்லை. அந்த ரெண்டு வருஷமும் நாடு முழுக்க நடந்த கூத்து இது. 2024-ல் நீட் மார்க் மழையாகக் கொட்டியது. ஜூன் 4-ம் தேதி, பார்லிமென்ட் தேர்தல் முடிவு வந்த அதே நாளில், 67 பேர் 720-க்கு 720 என்று ரிசல்ட் வந்தது. அப்புறம் கருணை மார்க் விவகாரம், மறுதேர்வு, இயற்பியலில் ஒரு கேள்விக்கு ரெண்டு விடை சரியா ஒரு விடை சரியா என்ற வழக்கு, வினாத்தாள் கசிவு என்று சுப்ரீம் கோர்ட் வரை போய், கடைசியில் முழு மார்க் 17 பேருக்கு என்று முடிந்தது. அந்த வருஷம் 600 மார்க் வாங்கியவனுக்கே ரேங்க் எழுபத்தைந்தாயிரத்துக்கு மேல்!

அடுத்த வருஷம் தலைகீழ். 2025 மே 4-ம் தேதி வந்த கேள்வித்தாளில், குறிப்பாக இயற்பியலில், பையன்கள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். நாட்டிலேயே முதல் மார்க் 686. 600-ஐத் தாண்டியவர்கள் இந்தியா முழுக்கச் சேர்த்து ஆயிரத்து சொச்சம் பேர்தான்.

அகில இந்திய ஒதுக்கீட்டில் பொதுப் பிரிவுக்கு அரசுக் கல்லூரி இடம் கிடைக்க 2024-ல் 650-க்கு மேல் தேவைப்பட்டது. 2025-ல் 540-ஐ ஒட்டியே கிடைத்தது. நூறு மார்க்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் அந்தக் கடைசி இடம் போன ரேங்க்? ரெண்டு வருஷமும் இருபதாயிரத்தை ஒட்டியே நின்றது!

ரேஷன் கடை கியூ மாதிரிதான். கடையில் நூறு பேருக்குச் சர்க்கரை இருக்கிறது. நீங்கள் கியூவில் எத்தனாவது ஆள் என்பதுதான் கேள்வி. நீங்கள் எத்தனை அடி உயரம் என்பது இல்லை. நம் ஊரில் என்ன செய்கிறோம்? உயரத்தை அளந்து பார்த்துவிட்டு, 'போன வருஷம் இந்த உயரத்துக்குக் கிடைச்சுதாமே' என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். இந்த அக்கம்பக்கத்தில் பயிற்சி மையங்களும் அடக்கம். 'போன வருஷ கட்-ஆஃப் இவ்வளவு' என்று சுவர் சுவராக நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள், போன வருஷக் கேள்வித்தாள் எவ்வளவு சுலபம் என்பதை ஒட்டுவதில்லை.

"அப்படின்னா சீட் கெடைச்சுடும்ல?" என்றார் மாப்பிள்ளை, முகமெல்லாம் மலர்ந்து.

"கெடைக்காது."

தங்கை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு கிடைக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

விஷயம் இதுதான். அகில இந்திய ரேங்க் என்பது பெரிய கியூ. நம் பிள்ளை நிற்பது அதற்குள்ளே இருக்கும் சின்னக் கியூவில். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவிகித இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, மீதி 85 சதவிகிதம் மாநிலத்துக்கு. அதில் 69 சதவிகித இடஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோர் 30 (அதற்குள்ளேயே முஸ்லிம்களுக்கு மூன்றரை), மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் 20, தாழ்த்தப்பட்டோர் 18 (அதில் அருந்ததியர் 3), பழங்குடியினர் 1. போதாதற்கு, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு 2020-லிருந்து ஏழரை சதவிகித உள்ஒதுக்கீடு. அவர்கள் தங்களுக்குள்ளேதான் போட்டி போடுகிறார்கள். அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 'பக்கத்து வீட்டுப் பையனுக்கு 486-க்கே கிடைக்கலையாம்' என்ற செய்தி அரை பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. அவன் கியூ வேறு, இவன் கியூ வேறு.

தேர்வுக் குழு வெளியிடும் தரவரிசைப் பட்டியலில் பொது ரேங்க் ஒன்று, சமூகப் பிரிவு ரேங்க் ஒன்று என்று ரெண்டு இருக்கும். அந்த ரெண்டாவதுதான் நம் கியூ நம்பர். முந்தின வருஷம் நம் பிரிவில் அரசுக் கல்லூரியின் கடைசி இடம் எந்த நம்பரோடு நின்றது என்று ஒதுக்கீட்டுப் பட்டியலில் பார்த்து, பக்கத்தில் நம் நம்பரை எழுதிப் பாருங்கள். ஜோசியரிடம் போகவேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனம். சர்க்கரை மூட்டை கூடினால் கியூவும் சற்று நகரும். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புது அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். 1,450 இடம் கூடியது. அப்படிப்பட்ட வருஷத்தில் பழைய கணக்கு நமக்குச் சாதகமாகவே தப்பும்.

இன்னொரு சின்ன விஷயத்தில் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். மாநில ஒதுக்கீட்டில் பி.சி.க்குக் கிரீமிலேயர் கிடையாது. அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. 27 சதவிகிதம் 2021-லிருந்து உண்டு. ஆனால் அதற்கு மத்திய அரசுப் பட்டியல்படி கிரீமிலேயரில் வராதவர் என்ற சர்டிபிகேட் தனியாக வேண்டும். கவுன்சலிங் அன்றைக்குத் தாசில்தார் ஆபீஸுக்கு ஓடினால் தாசில்தார் கேம்ப்பில் இருப்பார். அவர் எப்போதுமே கேம்ப்பில்தான் இருப்பார்!

ஜூலை கடைசியில் பட்டியல் வந்தது. எங்கள் பெண்ணுக்கு முன்னால், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டுமானால், இன்னும் ஐநூறு அறுநூறு பேரைத் தாண்டியாக வேண்டும் என்று கணக்கு வந்தது. தொண்ணூறாயிரம் பேரைத் தாண்டியவளுக்கு அறுநூறு பேர் பாக்கி.

இங்கேதான் எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வி வருகிறது. இன்னொரு வருஷம் போடலாமா?

'ரிப்பீட்டர்' என்றால் ஒரு காலத்தில் கல்யாண வீட்டில் பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டிய நிலைமை. எனக்குத் தெரியும், உட்கார்ந்திருக்கிறேன். இன்று கதையே வேறு. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுபடி எழுதி வந்தவர்கள் 2016-17-ல் நூற்றுக்கு 12 பேர் சொச்சம். 2020-21-ல் 71 பேர்! முதல் தடவையே உள்ளே போகிறவன்தான் இப்போது சிறுபான்மை. ஏழைப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது தனிக் கதை. ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்து படிப்பதற்கே வீட்டில் வசதி வேண்டுமே! அந்தக் குழுவும் அதைத்தான் சொன்னது.

வயது வரம்பு? மேல் வரம்பை 2022-ல் எடுத்துவிட்டார்கள். எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கும் கட்டுப்பாடு வைக்கவில்லை. 2020-ல் ஒடிசாவில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 64 வயதில் நீட் எழுதி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பேரப்பிள்ளை வயதில் இருந்தவர்கள் அவருக்கு கிளாஸ்மேட்! ஆகவே சட்டம் தடுக்காது. 'போதும்' என்று நமக்கு நாமேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். அதுதான் இதில் ரொம்பக் கஷ்டம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் மகன். 2022-ல் 380. 2023-ல் 402. 2024-ல் 470. அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஏறுது சார், ஏறுது! அடுத்த வருஷம் தட்டிருவான்" என்றார். மார்க் ஏறியது வாஸ்தவம். ரேங்க்? ரெண்டு லட்சத்துக்கும் மூன்று லட்சத்துக்கும் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மார்க் மழை கொட்டிய வருஷத்தில் எல்லோர் வீட்டுக் கிணறும்தான் நிரம்பியது. 2025-ல் அந்தப் பையன் 350. அப்பாவுக்கு நெஞ்சுவலியே வந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் நாலு வருஷமும் அவன் அதே இடத்தில்தான் நின்றான்; ரெண்டாவது வருஷமே யாராவது ரேங்கைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கெட்டிக்காரப் பையன், வீட்டில் மிக்ஸி, ஃபேன், பம்ப்செட் எல்லாவற்றையும் அவன்தான் ரிப்பேர் செய்வான். உயிரியல் புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி வரும். ஒருத்தரும் அவனைக் கேட்கவில்லை, பாவம்.

ஆக, மறுபடி எழுதுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ரெண்டு. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ரேங்க் நகர்ந்திருக்கிறதா? நகர்ந்திருந்தால், மீதி இருக்கும் தூரம் எப்படிப்பட்ட தவறால் வந்தது?

முதல் கேள்விக்கு எங்கள் பெண் பாஸ். ரெண்டாவதுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம். அவள், நான், மாப்பிள்ளை, மிக்சர்.

180 கேள்வி. சரி என்றால் 4, தப்பு என்றால் 1 போய்விடும். அவள் விடைத்தாள் நகலை வைத்துப் பார்த்ததில் 130 சரி, 34 தப்பு, 16 எழுதவே இல்லை. பாடவாரியாக உயிரியல் 360-க்கு 306, வேதியியல் 180-க்கு 113, இயற்பியல் 180-க்கு 67.

"முப்பத்திநாலு தப்பு! தெரியலைன்னா ஏன் கை வைக்கிறே? அங்கேயே முப்பத்திநாலு மார்க் போச்சே!" என்று மாப்பிள்ளை பொங்கினார்.

"இல்லப்பா" என்றாள் அவள். அன்றைக்குத்தான் அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "நாலு ஆப்ஷன். கண்ணை மூடிக்கிட்டு நாலு கேள்விக்கு அடிச்சா, ஒண்ணு சரியாகும், மூணு தப்பாகும். நாலு வரும், மூணு போகும். ஒரு மார்க் லாபம்தான். நஷ்டம் அதுல இல்ல. தெரியும்னு நெனச்சு அடிச்சேன் பாருங்க, அதுலதான்."

ஹார்டுவேர் கடைக்காரர் விரலில் எண்ணிப் பார்த்தார். கணக்கு சரி. கப்சிப்.

அப்புறம் அந்த ஐம்பது கேள்வியையும் அவள் தரம் பிரித்தாள். பாடமே தெரியாதது, பாடம் தெரிந்தும் அவசரத்தில் தவறியது, நேரமில்லாமல் விட்டது. உயிரியலில் தவறியதெல்லாம் ரெண்டாவது ரகம். 'தவறான கூற்றைத் தேர்ந்தெடு' என்பதைச் 'சரியான கூற்று' என்று படித்திருக்கிறாள், அதுவே மூன்று இடத்தில்! இயற்பியலில் 20 சரி, 13 தப்பு, 12 தொடவே இல்லை. தொடாததில் பாதிக்கு மேல் அவளுக்குத் தெரிந்த கணக்குகள். மணி அடித்துவிட்டது. பயிற்சி மையத்தில் வருஷம் பூராவும் மூன்று பாடத்தையும் முதலிலிருந்து நடத்தியிருக்கிறார்கள். அவளுக்கு ஏற்கெனவே வந்த உயிரியலையே மறுபடி மறுபடி எழுதி அங்கே முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். வராத இயற்பியலுக்கு 'டவுட் கிளியரிங்' ராத்திரி எட்டரை மணிக்கு, எண்பது பேருக்கு ஒரு வாத்தியார்.

இயற்பியலில் 20 சரியை 30 ஆக்கி, தப்பைப் பத்தில் நிறுத்தினால் 110. அங்கேயே 43 மார்க். அறுநூறு பேரைத் தாண்ட அது போதும் என்று 2025 கணக்கு சொன்னது. அடுத்த வருஷக் கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்று அந்தப் பிரகதீஸ்வரருக்கே தெரியாது. ஆனால் இது சரிசெய்யக்கூடிய ஓட்டை. மூன்று பாடத்திலும் 'தெரியாது' என்ற ரகம்தான் நிறைய என்றால், ஒரு வருஷத்தில் அடைக்கக்கூடிய ஓட்டை இல்லை என்று நான் சொல்லியிருப்பேன். தங்கை என்னோடு பேசாவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

இதற்குள் வீட்டில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கடைசிச் சுற்றில் வரலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வரலாம்தான். வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல் ஃபீஸ், ஹாஸ்டல் தனி. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் வருஷத்துக்கே இருபது லட்சத்துக்கு மேல் கேட்கும் இடங்கள் உண்டு. அதை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெளிநாடு என்றால் அதற்கும் நீட் பாஸ் ஆகியிருக்க வேண்டும்; படித்து வந்த பிறகு இங்கே தனியாக ஒரு பரீட்சை எழுதினால்தான் ஊசி போட முடியும். பாஸ் மார்க் என்னவோ குறைச்சல்தான். 2025-ல் பொதுப் பிரிவுக்கு 144, மற்றப் பிரிவுகளுக்கு 113. பன்னிரண்டு லட்சம் பேருக்கு மேல் பாஸ்! 'எங்க பையன் நீட் பாஸ்' என்று ஸ்வீட் கொடுத்தவர்கள் பலர். பாஸ் வேறு, சீட் வேறு என்று ஸ்வீட் சாப்பிட்ட பிறகுதான் தெரியும்.

ராத்திரி மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பீரோவைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார். வீட்டுப் பத்திரம்.

"கூட்டுறவு பேங்க்ல கேட்டுட்டேன். பதினஞ்சு வரைக்கும் தருவாங்களாம். அவகிட்ட சொல்லாதீங்க. எங்கப்பா கட்டின வீடு. போனாப் போகுது. பொண்ணு இனிமே அந்தக் கதவைச் சாத்திக்கிட்டு உக்காரக் கூடாது. அவ்வளவுதான்."

அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கு ஜோக் எதுவும் தோன்றவில்லை.

அவர் பயந்தது என்ன என்று புரிந்தது. 2017 செப்டம்பர் 1-ம் தேதியை இந்த ஊரில் பெண் பிள்ளை வைத்திருக்கும் எந்தத் தகப்பனும் மறக்கவில்லை. பிளஸ் டூவில் 1,176 மார்க் எடுத்த அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா போய்ச் சேர்ந்த நாள். அப்புறமும் எத்தனையோ பிள்ளைகள். ரிசல்ட் வந்த வீட்டில் பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் 'ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று விடாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். 104-க்கோ 14416-க்கோ போன் போட்டால் எந்த நேரத்திலும் பேச ஆள் இருக்கிறார்கள், பைசா செலவில்லை. பிள்ளைக்கு மட்டுமில்லை, அப்பா அம்மாவும் பேசலாம்.

மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது அவளே ஆரம்பித்தாள். பத்திர விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வீட்டுச் சுவர்களுக்குக் காது மட்டுமில்லை, வாயும் உண்டு.

"அப்பா, பத்திரத்தை உள்ள வைங்க. அதை வச்சு நான் படிச்சா, ஒவ்வொரு பரீட்சைக்கும் வீடுதான் ஞாபகம் வரும்."

"பின்னே என்னம்மா பண்ணப் போறே?"

"இன்னொரு தடவை எழுதறேன். ஆனா ஹாஸ்டலுக்குப் போக மாட்டேன். இங்கேயே இருந்து படிக்கிறேன். கீழவாசல்ல ஃபிசிக்ஸ் சார் ஒருத்தர் இருக்கார், ரிடையர்டு. நாலு பேருக்கு மேல சேர்த்துக்க மாட்டார். அவர்கிட்ட மட்டும் போறேன். டிசம்பருக்குள்ள மூணு மணி நேரப் பரீட்சையில ஃபிசிக்ஸ் நூறைத் தாண்டலைன்னா, நானே சொல்லிடறேன்."

"சொல்லிட்டு?"

"நர்சிங், கால்நடை, பாராமெடிக்கல் எல்லாம் பிளஸ் டூ மார்க்கை வச்சுத்தான் எடுக்கிறாங்க, நீட் வேண்டாம். அடுத்த வருஷம் அதுக்கெல்லாம் அப்ளிகேஷன் போட்டுருவேன். நீட்ல கெடைச்சாலும் கெடைக்காட்டியும் அடுத்த வருஷம் நான் ஏதாவது ஒரு காலேஜ்ல இருப்பேன். நாலாவது தடவை கெடையாது."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் மஞ்சள் பையைப் பார்த்தார்.

"எழுதிக் குடுக்கட்டுமா?" என்றாள் அவள். சொன்னபடி ஒரு நோட்டுத் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, பீரோ கதவில் ஒட்டினாள். சாட்சிக் கையெழுத்து நான். அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்தாள்.

'இன்று முதல் டிவி ஓடும். அப்பா ஹாலில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கலாம்.'

மாப்பிள்ளை அதை ரெண்டு தரம் படித்தார். பிறகு பத்திரத்தை உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டிவிட்டு, ரெண்டு வருஷமாகத் தேடாத ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார். பேட்டரி செத்துப் போயிருந்தது.